குர்கானுக்கு வந்து ஒன்றரை வருடம், ஊருக்கே திரும்பிவிடலாமா?

பொருநைக்கரை:

வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் முழுதாகச் சொல்லாத விஷயம் இது.

எனக்கு 36 வயது, சொந்த ஊர் தென்காசி. கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 48,000. 2023-இல் குர்கானுக்குப் பக்கத்தில் மானேசரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 1,05,000 தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். அப்போது அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்கு மேலே மாடி எடுத்த கடன் ஒன்பது லட்சம் கழுத்தில் இருந்தது. நாங்கள் பிற்காலத்தில் வந்து இருப்பதற்காகத்தான் அந்த மாடியையே கட்டினோம். மூன்று வருடம் வடக்கே இருந்தால் கடன் அடைந்துவிடும், பையனுக்கு இந்தியும் வரும் என்று கணக்குப் போட்டேன். என் மச்சான் மட்டும், முதலில் ஒரு வருடம் நீ மட்டும் போய்ப் பார், அப்புறம் குடும்பத்தைக் கூட்டிக்கொள் என்றார். அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஜூன் மாதம் பையனுக்கு டி.சி. வாங்கி, மூன்று பேருமாகத் திருநெல்வேலியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினோம். இரண்டு இரவு ரயிலில். நிஜாமுதீனில் இறங்கும்போது வெயில் முகத்தில் அடித்தது. அப்போது ஊரில் சாரல் தொடங்கியிருந்தது, அம்மா போனில் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று சொன்னாள்.

வெயிலைக்கூடச் சமாளித்துவிட்டோம். குளிர்காலம்தான் முடியவில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே புகை இறங்கிவிடுகிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அறுவடை முடிந்து வைக்கோல் தாளை எரிக்கிறார்கள், இங்கே இருக்கிற வண்டிப் புகையும் கட்டட வேலைத் தூசியும் சேர்கிறது, காற்று அசையாமல் நிற்பதால் எல்லாம் தரைக்குப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. 2024 நவம்பர் 18 அன்று டெல்லியில் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. பள்ளி ஆன்லைனுக்குப் போய்விட்டது. பையன் மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. நவம்பர் முழுக்க இருமல். இரவு இரண்டு மணிக்கு நெபுலைசர் வைத்தால் அந்த மெஷின் சத்தத்திலேயே என் மடியில் தூங்கிவிடுவான், முகமூடியை எடுத்ததும் மறுபடி இருமுவான். காலையில் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துண்டை சாயங்காலம் எடுத்தால் மடிப்புக் கோடு மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

போன வாரம் ஆச்சி போனில் அவனிடம் என்னடா சாப்பிட்டாய் என்று கேட்டாள். "பிண்டி" என்றான். "அது என்ன காய்டா?" என்று ஆச்சி கேட்க, இவனுக்கு வெண்டைக்காய் என்கிற சொல் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். போனை வாங்கி நான் பதில் சொன்னேன். அன்று இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை.

பழைய கம்பெனியில் மேலதிகாரியிடம் பேசினேன். வா, ஆனால் 68,000-க்கு மேல் முடியாது என்கிறார். கடன் இன்னும் நான்கு லட்சம் பாக்கி. ஊரில் என்ன சொல்வார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன், அதுவும் மனதை அறுக்கிறது. ஒன்றரை வருடத்தில் திரும்பினால் தாக்குப்பிடிக்க முடியாமல் ஓடி வந்துவிட்டான் என்பார்கள். இந்த மாதிரி போய்விட்டுத் திரும்பியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். திரும்பிய பிறகு எப்படி இருந்தது?

---

மானூர் வாத்தியார்:

தம்பி, 37,000 குறைகிறது என்றுதான் உங்கள் மனது சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு நோட்டை எடுத்து எழுதிப் பாருங்கள். அங்கே வாடகை, குடியிருப்புப் பராமரிப்பு, வேன், பள்ளிக் கட்டணம், வருடத்துக்கு இரண்டு தடவை மூன்று பேர் ஊருக்கு வந்து போகிற செலவு, மருத்துவர், காற்று சுத்தம் செய்யும் மெஷினுக்கு மாற்றும் ஃபில்டர், கோடையில் ஏசி ஓடுகிற கரண்ட் பில். எல்லாம் போக மாதம் கையில் நிற்கிறது எவ்வளவு? அதே நோட்டில் இங்கே என்ன நிற்கும் என்று எழுதுங்கள். அந்த இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

பள்ளி விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும், 22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். திரும்புவது என்று முடிவெடுத்தால் இந்த மார்ச்சிலேயே எடுங்கள். அங்கே ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கிவிடும், இங்கே ஜூனில்தான். மார்ச் தேர்வு முடிந்து டி.சி. வாங்கினால் நடுவில் இரண்டு மாதம் கிடைக்கிறது. வெளிமாநில டி.சி. என்றால் அங்குள்ள கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்கிற பள்ளிகள் உண்டு, கிளம்புவதற்கு முன்னாலேயே அதை வாங்கிவிடுங்கள். இங்கே வந்தபிறகு அதற்காக இரண்டு நாள் ரயிலில் திரும்பிப் போகிற நிலை வரக்கூடாது.

அடுத்து தமிழ். 2006-ஆம் வருடச் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்த்துத் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அங்கேயும் 2015-16-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருடத்துக்கு ஒரு வகுப்பாகக் கொண்டுவந்துவிட்டார்கள். எட்டு வயதில் வந்தால் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வான். ஏழாம் வகுப்பில் வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கணக்கில் நூறு வாங்குகிற பிள்ளை தமிழ்ப் பாடவேளையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், அதைப் பார்க்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது, பிற்பாடு பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும்போது எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்திருந்தால் நேட்டிவிட்டி சான்றிதழ் தேவைப்படாது. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, அவசரம் இல்லை.

இப்போதே ஒரு காரியம் செய்யுங்கள். ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் பாடநூல் கழகத்தின் தளத்திலிருந்து இறக்கி, ஒரு அச்சுப் பிரதி உங்களிடமும் ஒன்று ஆச்சியிடமும் இருக்கட்டும். தினம் சாயங்காலம் ஒரு பக்கம், ஆச்சியிடம் போனில் வாசிக்கட்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்தால் அது பாடமாகிவிடும். ஆச்சியிடம் என்றால் வாசிப்பான்.

---

மயூர் விகார் 1994:

நான் இங்கே வந்து முப்பது வருடம் ஆகிறது. உங்கள் பதிவைப் படித்ததும் வருத்தமாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது, உங்கள் மேல் இல்லை. நீங்கள் டெல்லிக்கு வரவே இல்லை தம்பி. குர்கானில் ஒரு பதினாறு மாடிக் கட்டடத்துக்குள் வந்து இறங்கி, அங்கிருந்து மானேசர் போய்த் திரும்புகிறீர்கள். அப்படி இருந்தால் எந்த ஊரும் ஒட்டாது.

மெட்ரோவில் மஞ்சள் தடத்தில் ஏறி ஹவுஸ் காஸில் மாறினால் ஆர்.கே.புரம் பக்கம் வந்துவிடலாம். அங்கே மலை மந்திர் இருக்கிறது, 1973-இல் குடமுழுக்கு நடந்த சுவாமிநாத சுவாமி கோயில். பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம், 1946-இல் தொடங்கியது. நான் வந்த புதிதில் முனிர்காவில் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தக் கோயில் படி ஏறிப் போய் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் "எந்த ஊர்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில்தான் என் முதல் இரண்டு வருடம் ஓடியது. முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும். பையனின் தமிழுக்கு வழியே இல்லை என்று நினைக்காதீர்கள், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன. என் இரண்டு பெண்களும் அதில் படித்தவர்கள்தான். பெரியவள் என் அப்பாவுக்குக் கைப்பட தமிழில் கடிதம் எழுதுவாள், அவர் இருந்தவரைக்கும்.

ஆனால் அந்தப் பள்ளிகள் எல்லாம் டெல்லிக்குள். குர்கானிலிருந்து எட்டு வயதுப் பிள்ளையை அனுப்ப முடியாது, நீங்கள் வீடு மாற்றினால் மானேசர் உங்களுக்குத் தூரம். அதுவும் எனக்குத் தெரிகிறது.

காற்றைப் பற்றி நான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். நான் வந்தபோதும் குளிர்காலத்தில் பனியும் புகையும் உண்டு, ஆனால் இப்படி இல்லை. என் மனைவி ஆறு வருடமாக இன்ஹேலர் வைத்திருக்கிறாள். நாங்கள் ஏன் போகவில்லை என்றால் எங்களுக்குப் போக ஊரில் ஆள் இல்லை, பெண்கள் இரண்டு பேரும் இங்கேதான், எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் இந்த நகரத்தில்தான் இருக்கிறார்கள். உங்களுக்கு அங்கே அப்பா அம்மா இருக்கிறார்கள், கைக்கு ஒரு வேலையும் இருக்கிறது. பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்றால் மற்ற எதையும் நான் பேச மாட்டேன். கிளம்புங்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலை மந்திருக்கு வாருங்கள். இந்த ஊரைப் பற்றி உங்கள் பையனுக்கு இருமல் மட்டும் ஞாபகத்தில் இருக்கக்கூடாது என்று ஆசைப்படுகிறேன்.

---

முத்துநகர் பெண்:

அண்ணா, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். மச்சான் சொன்னது இருக்கிறது, ஆச்சி சொன்னது இருக்கிறது, பழைய மேலதிகாரி சொன்னதுகூட இருக்கிறது. உங்கள் மனைவி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்டீர்களா?

குற்றம் சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. நாங்கள் 2019-இல் மும்பையிலிருந்து தூத்துக்குடிக்குத் திரும்பினோம். எட்டு வருடம் முலுண்டில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு ஊர் ஏக்கம், மாமனாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாமே நியாயமான காரணம். நான் அங்கே ஒரு பல் மருத்துவரிடம் கணக்கு எழுதும் வேலையில் இருந்தேன். இரவு எட்டரைக்கு வேலை முடித்து, லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறி, ஸ்டேஷன் வாசலில் காய் வாங்கிக்கொண்டு தனியாக நடந்து வீட்டுக்குப் போவேன். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஊருக்கு வந்தபிறகு சாயங்காலம் ஆறு மணிக்குச் செருப்பு மாட்டினால் மூன்று வீட்டுத் திண்ணையிலிருந்து "எங்கே போகிறாய்?" என்று கேட்கிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் ஒரு நாளைக்கு மூன்று தடவை அதற்குப் பதில் சொல்லிப் பாருங்கள். ஊருக்கு வந்தது அவருக்கு வீட்டுக்கு வந்தது, எனக்கு மாமியார் வீட்டுக்கு வந்தது. கல்யாணம் ஆன புதிதில் செய்ததை எல்லாம் 34 வயதில் முதலிலிருந்து தொடங்கினேன்.

இப்போது பரவாயில்லை. ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குப் போகிறேன், ஸ்கூட்டி வாங்கிவிட்டேன். ஆனால் முதல் இரண்டு வருடம் நான் யாரிடமும் பேசவில்லை, வீட்டுக்காரருக்கே அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. என்னிடம் அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் திரும்ப வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். தனி வீடு பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருப்பேன். மாடி கட்டியிருக்கிறோம் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் இது ஞாபகம் வந்தது. யார் கேட்டு அந்த மாடியைக் கட்டினீர்கள்?

---

கொடுக்காப்புளி:

ஊர் என்ன சொல்லும் என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் சூரத்திலிருந்து பதினோரு மாதத்தில் திரும்பினேன். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் முதல் வாரம் கேட்டார்கள், ஏன் வந்துவிட்டாய் என்று. அங்கே ஒத்துவரவில்லை, வந்துவிட்டேன் என்றேன். இரண்டாவது வாரம் அதே ஆட்கள் உர விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் எனக்குள்ளே அது ஒரு வருடம் ஓடியது, எங்கே நாலு பேர் சிரித்தாலும் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். அதற்குத் தயாராக வாருங்கள்.

கார் வாங்கியிருந்தால் சொல்லுங்கள், அதில் ஒரு வேலை இருக்கிறது.

---

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், இடையில் நிறைய நடந்துவிட்டது.

முத்துநகர் சகோதரி, நீங்கள் கேட்டது எனக்கு உறைத்தது. அன்று இரவே கேட்டேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், தண்ணீரை நிறுத்தவில்லை. "இப்போதுதான் கேட்கத் தோன்றியதா?" என்றாள். அப்புறம் குழாயை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள், ஒன்றரை மணி நேரம் பேசினோம். எனக்குத் தெரியாத விஷயங்கள் எல்லாம் இருந்தன. கீழ் மாடியில் இருக்கிற ஒரு பஞ்சாபி அம்மாவிடம் பகலில் இந்தி பேசிப் பழகியிருக்கிறாள். ஆறு மாதமாக அந்தக் கட்டடத்துப் பெண்களுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுத்து 22,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறாள். இந்த ஊர் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நானாகவே முடிவுகட்டி இருந்தேன். பிடிக்காதது காற்று மட்டும்தான். பிள்ளைக்காகத் திரும்பலாம், ஆனால் மாடியில் வேண்டாம் என்றாள். பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடு பார்ப்போம், தையல் மெஷின் போட ஓர் அறை வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்குப் போய் வருவோம். யோசித்துப் பார்த்தால் கங்கைகொண்டானுக்குத் தென்காசியிலிருந்து தினமும் போய்வருவதைவிட அதுதான் சரி. எனக்கு அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

வாத்தியார் ஐயா சொன்னபடி நோட்டில் எழுதினேன். இங்கே எல்லாம் போக, கடன் தவணையும் கட்டியபின் மாதம் 14,000 நிற்கிறது. பாளையங்கோட்டையில் 11,000 வாடகை என்று வைத்தால் 9,000 நிற்கும், தவணை கட்டியபிறகும். ஐயாயிரம் வித்தியாசம் ஐயா. ஐயாயிரத்துக்காக இந்தப் பிள்ளையை இரண்டு குளிர்காலம் இருமவிட்டிருக்கிறேன்.

மயூர் விகார் அண்ணா, போன ஞாயிறு மலை மந்திர் போனோம். படி ஏறும்போதே பையன் மேலே ஒலித்த தேவாரத்தைக் கேட்டு "அப்பா, தமிழ்" என்றான். பிரகாரத்தில் ஒரு பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். தென்காசி என்றதும், கோபுர வாசலில் இன்னும் அந்தக் காற்று அடிக்கிறதா என்று கேட்டார். அடிக்கிறது என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். இந்த இடத்துக்கு முதல் மாதமே வந்திருக்க வேண்டும் அண்ணா.

ஆச்சியோடு தினம் ஒரு பக்கம் வாசிப்பு நடக்கிறது. ற, ர இரண்டும் குழம்புகிறது. ஆச்சி விடுவதில்லை.

அம்மாவிடம் பாளையங்கோட்டை என்று சொன்னதும் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, பேரனிடம் மட்டும் பேசினாள். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டு, மாடியை வாடகைக்கு விட்டால் கடனுக்கு ஆகுமே, பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர் வீடு தேடுகிறாள் என்றாள். என் மனைவியிடமும் பேசினாள். தையல் மெஷின் வாங்க வேண்டாம், இங்கே என்னுடையது சும்மா கிடக்கிறது என்றாளாம்.

மார்ச் கடைசியில் கிளம்புகிறோம். கொடுக்காப்புளி அண்ணா, கார் இருக்கிறது, ஹரியானா நம்பர், பழைய வண்டி, பேங்க் லோன் இன்னும் 80,000 பாக்கி. என்ன செய்ய வேண்டும்?

---

கொடுக்காப்புளி:

80,000-ஐ எப்படியாவது அடைத்துவிடுங்கள், பேங்க் தருகிற தடையில்லாச் சான்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதை வைத்து ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கி, அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் வேறு மாநிலத்துக்குப் போவதற்கான என்.ஓ.சி. வாங்குங்கள். இதைக் கிளம்பும் முன்னால் முடியுங்கள், ஆளில்லாமல் அங்கே எதுவும் நகராது. இங்கே வந்து பன்னிரண்டு மாதத்துக்குள் தமிழ்நாட்டு நம்பர் மாற்ற வேண்டும். வண்டியின் வயதைப் பார்த்து இங்கே ஆயுள் வரி போடுவார்கள், பழைய வண்டிக்குக் குறையும். அங்கே கட்டிய வரியில் மீதி வருடங்களுக்கு உள்ளதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம், அலைச்சல் உண்டு. கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வவுச்சர் வாங்க மறக்காதீர்கள்.

---

மானூர் வாத்தியார்:

டி.சி. மேலொப்பம், தம்பி. பிப்ரவரியிலேயே பள்ளியில் சொல்லி வையுங்கள். பாளையங்கோட்டையில் வீடு பார்க்கும்போது முருகன்குறிச்சி, மகாராஜநகர் இரண்டு பக்கமும் பாருங்கள். பையனைச் சேர்க்கிற பள்ளி முடிவான பிறகு வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள். ற, ர குழப்பம் இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் இருக்கிறது, அதற்கு வருத்தப்பட வேண்டாம்.